கல்லேடும் கப்பலேடும்

நீத்தார் கடனாற்றும் நாளில் எள்ளும் நீரும் இறைப்போர் தந்தை, பாட்டன், பூட்டன் என்னும் மூவரையும் பெயர்சொல்லி நினைத்தல் நெடுநாளைய வழக்கு. ஆயினும் உழுதொழிற் குடியிற் பிறந்தாரை நோக்கி, 'நும் பூட்டனார் பெயர் யாது? அவர் எவ்வூரில் எந்நிலத்தை உழுதார்?' என வினவின், விடை கூறவல்லார் மிகச் சிலரே. பாட்டன் பெயரோடு பலர்க்கும் நினைவு நின்றுவிடுகின்றது. சோழ வேந்தரின் செப்பேடுகளோ ஞாயிற்றினின்று தொடங்கி, வழிவழி வந்த மன்னரை வரிசைப்படுத்திக் கூறுகின்றன. அம்மன்னர்க்கு இறை செலுத்திய குடிகளைப் பற்றி ஓரெழுத்தும் எஞ்சவில்லை என்றே பொதுவாக எண்ணப்படுகின்றது.

இவ்வெண்ணம் முழுதும் பொருந்துவதன்று. ஏழைக் குடியானவன் ஒருவனுடைய வரலாற்றை அவன்பொருட்டே எழுதிவைத்தார் ஒருவருமிலர் என்பது மெய்யே. ஆனால் அவன் கோயிலுக்கு ஒன்று கொடுத்தபோதும், கோயிலினின்று ஒன்றைப் பெற்றுப் பொறுப்பேற்றபோதும், அரசுக்குத் தீர்வை கட்டியபோதும், நிலத்தை விற்றபோதும், ஊரைவிட்டுக் கப்பலேறியபோதும் கணக்கர் எவரோ அவன் பெயரை எழுதியிருக்கின்றார். அவ்வெழுத்துக்கள் கல்லிலும் ஓலையிலும் தாளிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆதலின் மூதாதை ஒருவரைத் தேடப் புகுவார், அவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருந்தார் என்பதனை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

கல்லெழுத்தினின்று தொடங்குதல் முறை. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களில் அரசரும் அரசியரும் அளித்த பொன்னும் மணியும் நிரல்படக் கூறப்பட்டுள்ளமை யாவரும் அறிந்ததே. அப்பொன்னணிகளின் ஒளியிற் கண் கூசி, பலரும் படியாது விட்டுச் செல்லும் வேறு சில பகுதிகள் ஈண்டுக் கருதத்தக்கன. அக்கோயிலில் ஒரு திருவிளக்கு எரிய நாள்தோறும் உழக்கு நெய் வேண்டும். அதன்பொருட்டு விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்னும் அளவில் கால்நடைகள் இடையர்வசம் ஒப்புவிக்கப்பெற்றன. பெற்றுக்கொண்ட இடையன் பெயர், அவனுடைய ஊர், அவனுக்குப் பிணை நின்றோர் பெயர் ஆகிய யாவும் கல்லில் வெட்டப்பட்டன. இடையனைச் சிறப்பித்தல் அரசன் நோக்கமன்று. நெய் வாராதொழியின் எவரைக் கேட்பது என்னும் கணக்குநோக்கே காரணம். எனினும், ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர்ச் சோழநாட்டுச் சிற்றூரொன்றில் ஆடு மேய்த்தவன் இன்ன பெயரினன் என இன்று அறியக் கிடப்பது அக்கணக்கினாலேயாம்.

அவ்வாறே தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரும் அக்கோயிற் சுவரில் இடம்பெற்றுள்ளனர். ஒவ்வொருவரும் முன்னர் எவ்வூர்த் தளியில் இருந்தார், தஞ்சையில் எச்சேரியில் எச்சிறகில் எத்தனையாவது மனையில் குடியிருத்தப்பட்டார் என்பன வரையில் குறிக்கப்பட்டுள்ளன. ஒருவர்க்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் பங்கு. அரசியரல்லாத பெண்டிர் இத்துணைப் பெருந்தொகையினராய்ப் பெயரும் இருப்பிடமும் குறித்து எழுதப்பெறுதல் அரிது. அக்காலத்துப் பெயர்களையெல்லாம் திரட்டிக் கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி என்னும் மூவர் 1978-ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவு, இத்துறையில் உழைப்பார்க்குப் பெருந்துணை.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டப்படுகின்றது. கல்வெட்டில் தம் ஊர்ப்பெயர் கண்டமாத்திரையே, அதில் வரும் கொடையாளரைத் தம் குலமுதல்வராகக் கொண்டு கொடிவழி வரைந்து அச்சிடுவாரும் உளர். அது பத்திமையாகலாம், வரலாறு ஆகாது. ஒரு கல்வெட்டுக்கும் இன்றைய குடும்பத்துக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகள் கிடக்கின்றன. படையெடுப்பு, பஞ்சம், குடிபெயர்ச்சி ஆகியவற்றால் ஊர்கள் பாழ்பட்டு, மீண்டும் வேறு குடிகளால் நிரம்பிய காலம் அது. தலைமுறைதோறும் இடையறாத சான்று காட்டலாகாதவிடத்து வாளாதிருத்தலே அறிவுடைமை.

இன்னொன்றும் சொல்லுதற்குரியது. இந்நாளில் திருப்பணிக்குப் பொருள் வழங்குவோர் பெயரைப் பளிங்குக் கல்லிற் பொறிக்கும்போது தலைப்பெழுத்து ஒன்றும் பெயர் ஒன்றும் தொகையுமே பொறிக்கின்றனர். 'மு. சுப்பிரமணியன், ரூபாய் 101' என்னும் ஒருவரி நூறாண்டு கழித்துப் படிப்பார்க்கு என்ன கூறும்? மு என்பது முருகேசனா முத்தையனா? ஊர் யாது? தஞ்சை இடையர்க்குச் சோழன் கணக்கர் எழுதிய அளவுகூட இங்கு எழுதப்படுவதில்லை. தந்தை பெயரையும் ஊர்ப்பெயரையும் முழுமையாகப் பொறிக்குமாறு திருப்பணிக் குழுவினர் சிற்பியிடம் சொல்லுதல் நன்று.

நிற்க. தொடர்ச்சியான சான்று கிடைக்கத் தொடங்குவது கும்பினியார் ஆட்சியில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த பைமாசு அளவைக் கணக்குகள் சில ஊர்கட்கு எஞ்சியுள்ளன. 1858-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இரு பெரும்பணிகள் தொடங்கின. ஒன்று முறையான நில அளவை. மற்றொன்று இனாம் கமிஷன். பின்னது கோயிற்பணி செய்த குடிகளின் வழிவந்தோர்க்குப் பெரும் புதையல். பூசை செய்வார், நாகசுரம் வாசிப்பார், மாலை கட்டுவார், மட்கலம் வனைவார் எனப் பலர்க்கும் விடப்பட்டிருந்த மானிய நிலங்களை அக்கமிஷன் ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. மானியம் எவரால் எவர்க்கு வழங்கப்பட்டது, அப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலிற் பெற்றவருக்கு அவர் எம்முறையினர் என்பன இனாம் பதிவேட்டில் எழுதப்பட்டன. உறவுமுறையைக் கேட்டு எழுதிய அரசாங்க ஏடுகள் அருமையாதலின், மானியம் உண்ட குடியினர் முதலில் நாடவேண்டுவது இதுவேயாகும்.

மானியமற்ற குடியானவர்க்கு ஊர்க்கணக்குகளே துணை. ஆள்வாரியாக எழுதப்படுவது சிட்டா. வயல்வாரியாக, என்ன பயிர் விளைந்தது என்பதோடு எழுதப்படுவது அடங்கல். நில அளவையும் தீர்வை ஏற்பாடும் முடிந்தபின் வகுக்கப்பட்ட பெரும்பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நேரே பட்டாதாரர் பெயர் இருக்கும். இவற்றையெல்லாம் பரம்பரைக் கர்ணங்களே பேணி வந்தனர். அப்பரம்பரைப் பதவிகள் 1980-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. மேலிடத்துக்குச் சென்ற படிகள் ஒருவாறு தப்பின. ஊரிலேயே தங்கிய கணக்குகளிற் பல, பரண்மேற் செல்லுக்கு இரையாயின.

பத்திரப் பதிவு 1860-களில் நடைமுறைக்கு வந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. விற்றவரும் வாங்கியவரும் மட்டுமே பத்திரத்தில் இடம்பெறுவர் எனக் கருதுதல் தவறு. நிலத்துக்கு நான்கெல்லை கூறுமிடத்து, 'இன்னார் நஞ்சைக்குத் தெற்கு, இன்னார் கொல்லைக்கு மேற்கு' என்று அண்டை அயலார் பெயரும் வந்துவிடும். வாழ்நாளில் ஒரு பத்திரமும் எழுதாத உழவன், அண்டை நிலத்தான் கடன்பட்டு விற்றமையால் ஏட்டில் ஏறியிருப்பான்! தம் மூதாதை பெயரைப் பெயரடைவிற் காணாதார், அவர் நிலத்தைச் சுற்றியுள்ள சர்வே எண்களின் பத்திரங்களைப் பார்க்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டு மூன்றாம் சட்டம் செய்யப்பட்டது. ஊர் மணியக்காரரே அதனை எழுதினார். பெயர் சூட்டுமுன்னரே பிறப்பு எழுதப்பட்டமையின் பல இடங்களில் குழந்தை பெயரின்றித் தந்தை பெயரே காணப்படும். தேடுவோர் தந்தையின் பெயர்கொண்டே தேடுதல் வேண்டும். குடிமதிப்பை நம்பிச் செல்வார்க்கோ ஏமாற்றமே மிஞ்சும். 1871-ஆம் ஆண்டு தொட்டு எடுக்கப்பட்ட குடிமதிப்புக்களில் எண்ணிக்கைகள் அச்சாயினவேயன்றி, வீடுதோறும் எழுதிய தாள்கள் பேணப்படவில்லை.

சமீன்களிலும் சாகீர்களிலும் அடங்கிய ஊர்களின் நிலை வேறு. அங்கே அரசாங்கத்துக்குப் பொறுப்பாளி சமீன்தாரே. உழவனுக்குப் பட்டா வழங்கியவரும் அவரே. ஆகவே 1948-ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டத்தை ஒட்டி அவ்வூர்களில் இரயத்துவாரித் தீர்வை ஏற்பாடு வரும்வரை, அவ்வுழவர் பெயரை அரசாங்கக் கணக்கிற் காண்டல் அரிது. சமீன் கணக்கு எஞ்சியிருப்பின் அதிற் காணலாம்.

இத்துணை ஏடுகளையும் கூறியபின், அவற்றில் இடம்பெறாதார் யார் என்று கேட்டல் வேண்டும். பிறர் நிலத்தில் உழுதும் நட்டும் அறுத்தும் வாழ்ந்த கூலியாளர் இடம்பெறார். அவருட் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். செங்கற்பட்டு மாவட்டத்தில் அவர்தம் நிலையை அம்மாவட்டக் கலெக்டர் திரெமென்ஹீர் 1891-ஆம் ஆண்டு அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892-ஆம் ஆண்டு முதல் அவர்க்கென நிலம் ஒதுக்க அரசாங்கம் ஆணையிட்டது. அந்நிலம் பெற்றவரளவிலேனும் பெயர் ஏடேறியது. அதற்கு முந்திய தலைமுறையினர்க்கு அதுவுமில்லை. பெண்டிரும் இடம்பெறார், கணவன் இறந்து பட்டா தன் பெயர்க்கு மாறினாலன்றி, ஒருத்தியின் பெயரைக் கர்ணம் எழுதவேண்டிய இடமே எழவில்லை.

இக்குறையை ஒருபுடையாக நிறைப்பது கப்பலேடு. வியப்பும் வருத்தமும் ஒருங்கே தருவது இது. ஊரிலேயே இருந்து மாண்ட அண்ணனுக்கு ஓர் எழுத்தும் இல்லை. ஒப்பந்தக் கூலியாய்க் கடல் கடந்த தம்பிக்கோ, அவன் உடம்பிலுள்ள தழும்பு வரையில் எழுதிய ஏடு இருக்கின்றது. அவனை மதித்து எழுதியதன்று. ஓடிப்போனாற் பிடிப்பதற்கு அடையாளம் வேண்டுமன்றோ? தஞ்சையில் இடையனைக் கல்லில் எழுதிய அதே கணக்குநோக்குத்தான் இங்கும் உள்ளது. விளக்குக்குப் பதிலாகக் கரும்பாலை நின்றது, அவ்வளவே.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டுக்குச் சென்னையினின்று புறப்பட்ட முதற் கப்பல் 'துரூரோ'. அது 342 பேருடன் 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அது முதல் 1911 வரையில் நேட்டாலுக்கு ஒப்பந்தத்தின்மேற் சென்றோர் தொகை 1,52,184. அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறையிற் கப்பலேறியவர். தமிழரும் தெலுங்கருமே அவருட் பெரும்பாலோர். ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டில் திங்களுக்குப் பத்து ஷில்லிங் கூலி. ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. கரும்புத் தோட்டத்துக்கே மிகுதியானோர் அனுப்பப்பட்டனர். நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இருப்புப்பாதைக்கும் சென்றோரும் உளர்.

இவர்கள் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் தரப்பட்டது. ஏட்டில் அவ்வெண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, ஆணோ பெண்ணோ என்பது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலடையாளம், கப்பலின் பெயர் ஆகியன எழுதப்பட்டன. ஆண்கள் நூற்றுவர்க்குப் பெண்கள் நாற்பதின்மர் செல்லவேண்டும் என்னும் விதியிருந்தமையால் பெண்டிரும் பல்லாயிரவர் சென்றனர். ஒவ்வொருத்திக்கும் தனி எண், தனி வரி. காவிரிக்கரையிலோ பாலாற்றங்கரையிலோ நாற்று நட்ட ஒருத்தியின் பெயரையும், அவள் தந்தையின் பெயரையும், அவளூரையும் ஒருங்கே கூறும் அக்காலத்து அரசாங்க ஏடு வேறு உண்டாவென்பது ஐயமே. இவ்வேடுகள் நேட்டாலில் பேணப்பட்டு, பிற்காலத்திற் கணிப்பொறியிலும் ஏற்றப்பெற்றுள்ளன. கூலியாளர் கங்காணியின் கொடுமையைப் பற்றியும், கூலி பிடித்தம் பற்றியும் முறையிட்ட வாக்குமூலங்களும் பீட்டர்மாரிட்சுபர்க் ஆவணக் களரியில் உள்ளன. மொழிபெயர்ப்பாளர் வாய்வழி வந்தனவேனும், எழுத்தறியாதார் கூற்று அவற்றிற் கேட்கின்றது.

மோரீசுத் தீவிலும் இத்தகைய ஏடுகள் உண்டு. 1860-களிலிருந்து அங்கு ஒளிப்படமும் எடுத்தனர். பீஜித் தீவுக்குச் சென்னையினின்று கப்பல் சென்றது 1903-ஆம் ஆண்டு முதலே. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணிவழிச் சென்றோர்க்கு ஆளுக்கொரு வரி என்னும் இத்தகைய ஏடு இல்லாமை பெருங்குறை. தம் செலவிற் கப்பலேறிய வணிகரும் கூலியேட்டில் இடம்பெறார். தென்னாப்பிரிக்க அறப்போரிற் சிறைசென்று 1914-ஆம் ஆண்டு பிப்பிரவரி 22-ஆம் நாள் உயிர்நீத்த வள்ளியம்மை, சோகன்னசுபர்க்கில் சிறுவணிகர் ஒருவரின் மகளாய்ப் பிறந்தவர். தாய் பிறந்த தில்லையாடி என்னும் ஊரே அவர் பெயரோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. 1915-இல் காந்தியடிகள் அவ்வூருக்கே வந்து சென்றார்.

இனி, நேட்டாலிற் பிறந்த ஒருவர் தம் பூட்டனாரின் ஊரைத் தேடுகின்றார் எனக் கொள்க. அவர் கையில் இருப்பன மூன்று: குடும்பத்திற் சொல்லிவந்த ஒரு கதை, பழைய தாளொன்றில் உள்ள எண், தெய்வத்தின் பெயர். எண் கிடைத்தவர் நற்பேறுடையார். அதனைக் கொண்டு ஏட்டிலுள்ள வரியை நேரே எடுத்துவிடலாம். எண் இல்லையேல் இடர்ப்பாடு மிகுதி. முனியன், சின்னசாமி, கோவிந்தன் என்னும் பெயருடையார் நூற்றுக்கணக்கினர். நேட்டாலிற் பூட்டன் பெயரோ சாதிப்பட்டமோ குடும்பப்பெயராய் உறைந்து, 'மூட்லி', 'படையாச்சி', 'பிள்ளே' எனத் திரிந்து வழங்குகின்றது. சாதியென எழுதிய பகுதியும் முழுதும் நம்பத்தக்கதன்று. கூலிக்கிடங்கிற் பலர் தம் சாதியை மாற்றிக் கூறியதுண்டு.

குடும்பக் கதையையும் காலத்தோடு ஒட்டிப் பார்த்தல் வேண்டும். 'எம் முன்னோர் 1870-இல் வந்தார்' எனக் கூறின் அது பொருந்தாது. 1866-ஆம் ஆண்டோடு நின்ற கப்பற்போக்கு மீண்டும் 1874-ஆம் ஆண்டிலேதான் தொடங்கிற்று. இடையில் ஒப்பந்தக் கப்பல் இல்லை. 'பெரும்பஞ்சத்தில் வந்தார்' எனக் கூறின், 1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தைச் சார்ந்த ஆண்டுகளின் கப்பல்களை முதலிற் பார்க்கலாம்.

ஏட்டிலுள்ள வரி அகப்பட்டபின்னர் ஊரைக் காண்டலில் வேறொரு சிக்கல் எழும். தமிழ் அறியாத எழுத்தர் காதிற் பட்டவாறு ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினர். ழகரமும் ளகரமும் லகரமும் ஓரெழுத்தாயின. பாக்கம், பட்டு, பேட்டை என்னும் ஈறுகள் சிதைந்தன. ஆதலின் ஊர்ப்பெயரைத் தனித்து நோக்காது தாலுகாவோடு சேர்த்துப் படித்தல் இன்றியமையாதது. சில்லா எல்லைகளும் அப்படியே நில்லாமல் மாறிவந்தன. ஏட்டில் வடஆர்க்காடு என்றிருப்பின், அவ்வூர் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களுள் ஒன்றில் இருக்கலாம். ஆந்திர மாநிலச் சித்தூர் மாவட்டத்திலும் இருக்கலாம். சித்தூர் 1911-ஆம் ஆண்டிற் பிரிந்தது. ஏட்டிலே 'வாண்டிவாஷ்' என்னும் தாலுகாப் பெயரும் சிதைந்த ஊர்ப்பெயரும் காணப்படின், அது வந்தவாசி வட்டம் எனத் தெளிந்து, அவ்வட்டத்துப் பழைய ஊர்ப்பட்டியலில் ஒலி ஒத்த ஊர்களைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

அவ்வாறு குறித்தவிடத்து மூன்று நான்கு ஊர்கள் எஞ்சுமாயின், அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தற்குத் தெய்வத்தின் பெயர் உதவும். நேட்டாலிற் பிறந்த தலைமுறையினர் பலர் தமிழ்மொழியை இழந்தனர், ஊர்ப்பெயரை மறந்தனர், எனினும் மாரியம்மனுக்கும் திரௌபதியம்மனுக்கும் விழா எடுத்துத் தீமிதிப்பதை விட்டிலர். மாரியம்மன் இல்லாத ஊர் அரிதாகலின் அப்பெயரால் ஊரைத் துணிய இயலாது. வடஆர்க்காட்டுப் பக்கத்தில் வழிபடப்பெறும் பச்சையம்மன் போல்வதொரு பெயர் குடும்பத்தில் நின்றிருக்குமாயின் தேட்டம் எளிதாகும். நிலத்தீர்வைப் பதிவேட்டில் கோயில் நின்ற இடம் புறம்போக்கு என்று தனிச் சர்வே எண்ணோடு குறிக்கப்பட்டிருக்கும். எஞ்சிய ஊர்களுள் எவ்வூர்ப் பதிவேட்டில் அத்தெய்வத்தின் கோயில் நிலம் காணப்படுகின்றதோ, அவ்வூருக்கே முதலிற் செல்லல் வேண்டும். அங்கே சிட்டாவில் பூட்டனாரின் தந்தை பெயர் இல்லாமற் போகலாம். நிலமற்றவர் பெயர் அதில் இராது என்பது மேலே கூறப்பட்டது. அந்நிலையில் பூசாரி குடும்பத்தாரையும், பொங்கலுக்கு வரிப்பணம் தண்டும் பங்காளிகளுள் முதியவரையும் உசாவி, கடல் கடந்து சென்று திரும்பி வாராத ஒருவரைப் பற்றி அவ்வூரில் ஏதேனும் பேச்சு வழங்குகின்றதா எனக் கேட்டறிதலே எஞ்சிய வழி.